கருவின் கல்லீரலில் ஸ்டெம் செல் எது? மார்க்கர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளரும் மனிதக் கல்லீரலில் ஸ்டெம் செல்லை (தானும் பெருகி, வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச்செல்லை) எப்படி அடையாளம் காண்பது என்று எம்.எஸ்சி. மாணவர்கள், நோய்க்குறியியல் படிக்கும் இளம் டாக்டர்கள், அவ்வப்போது சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் நோய்) நோயாளிகளின் பிள்ளைகள் எனப் பலரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். என் வேலை ஆய்வகத்தில் கல்லீரல் ஸ்லைடு பார்ப்பது. அதனால் சில பதில்கள் நீண்டுபோகும், சிலவற்றுக்கு நாலு வரிதான் கிடைக்கும்.

மார்க்கர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

செல்லின் மேற்பரப்பிலோ உள்ளேயோ இருக்கும் ஒரு புரதத்தை, அந்தச் செல் இன்னது என்று சொல்ல நாம் பயன்படுத்தினால் அது மார்க்கர். அந்தப் புரதம் நமக்கு அடையாளம் காட்டுவதற்காக அங்கே இல்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது. கெரட்டின் செல்லின் உள்சட்டத்தைத் தாங்குகிறது. எப்கேம் செல்லோடு செல்லை ஒட்டவைக்கிறது. ஆல்புமின் இரத்தத்துக்குப் போகிறது.

மாமரத்தில் காய்ப்பதற்கு வடு, பிஞ்சு, காய், செங்காய், கனி என்று வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறோம். வடுவை எப்படி வடு என்று அறிகிறோம்? சிறிதாக இருக்கும், கொட்டை முற்றியிருக்காது, காம்பைக் கிள்ளினால் பால் வடியும். பால் வடிவதை மட்டும் வைத்து ‘இது வடு’ என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம். முற்றிய காயின் காம்பைக் கிள்ளினாலும் பால் வரும். கல்லீரல் ஸ்டெம் செல் ஆய்வில் நடந்த சண்டைகளில் பாதி இந்தக் காம்புப் பால் சண்டைதான்.

கல்லீரல் எப்போது உருவாக ஆரம்பிக்கிறது?

கருத்தரித்து மூன்று வாரம் முடிந்து நான்காம் வாரம் தொடங்கும்போது, சுமார் 22ஆம் நாளில், முன்குடலின் வயிற்றுப்பக்கச் சுவரில் சின்னதாக ஒரு மொட்டு விடுகிறது. குடலின் உள்தோலாக இருக்கவேண்டிய செல்களைக் கல்லீரல் பக்கம் திருப்பிவிடுவது பக்கத்து வீட்டுக்காரர்கள். அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும் இதயத் திசுவிலிருந்து எஃப்.ஜி.எஃப். என்ற சமிக்ஞை வருகிறது. பின்னாளில் உதரவிதானத்தின் ஒரு பகுதியாக மாறப்போகும் இடைத்திசுவிலிருந்து பி.எம்.பி. என்ற இன்னொரு சமிக்ஞை வருகிறது. இதயத் திசு இல்லாவிட்டால் கல்லீரல் தொடங்காது என்பதைக் கோழிக் கருக்களை வைத்துக் காட்டியவர் பிரான்சின் நிக்கோல் லெ தூவாரென். எலியில் அந்தச் சமிக்ஞைகளின் பெயர்களைக் கண்டுபிடித்ததில் அமெரிக்காவின் கென்னத் ஸாரெட் குழுவுக்குப் பெரிய பங்கு.

மொட்டின் செல்கள் வரிசையை உடைத்துக்கொண்டு இடைத்திசுவுக்குள் புகுந்து பெருகுகின்றன. அந்த வேகம் அசாதாரணமானது. 9, 10 வாரக் கருவில் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்லீரல்தான். பிறக்கும்போது அது சுமார் 5 சதவீதம், நமக்கெல்லாம் 2 சதவீதம் சொச்சம். அந்த வாரங்களில் வயிற்றில் இடம் போதாமல் குடல் கொஞ்ச காலம் தொப்புள்கொடிக்குள் தங்கியிருந்துவிட்டுத் திரும்புவதற்குக் கல்லீரலின் பருமனும் ஒரு காரணம்.

ஹெபட்டோபிளாஸ்ட் என்பதும் கல்லீரல் ஸ்டெம் செல் என்பதும் ஒன்றா?

பாடப்புத்தகத்தில் ஒன்று மாதிரிதான் இருக்கும். கருவின் கல்லீரல் செல்லான ஹெபட்டோபிளாஸ்ட் இரண்டு பக்கம் போகக்கூடியது: ஹெபட்டோசைட்டாகவும் (கல்லீரலின் முக்கிய வேலைகளைச் செய்யும் முதிர்ந்த செல்) ஆகலாம், பித்தநாளச் செல்லாகவும் (பித்தம் போகும் குழாயின் சுவர்ச் செல்) ஆகலாம். அதனால் அதையே ஸ்டெம் செல் என்று பலர் எழுதுகிறார்கள்.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் லோலா ரீட் குழு இதை இரண்டாகப் பிரித்தது. 2007-ல் அவர்கள் வெளியிட்ட வேலையில், ஹெபட்டோபிளாஸ்டுக்கும் முந்தைய படியில் ஒரு செல் இருக்கிறது என்றார்கள். அது 7 முதல் 9 மைக்ரான் அளவே உள்ள குட்டிச் செல். எப்கேம் உண்டு, என்கேம் (இதுவும் செல்களை ஒட்டவைக்கும் புரதம்) உண்டு, கெரட்டின் 19 (கெரட்டினில் ஒரு வகை) உண்டு, கிளாடின்-3 என்ற புரதமும் உண்டு. ஆல்புமின் மிகக் கொஞ்சம். ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், அதாவது ஏ.எஃப்.பி., கிடையாது. ஹெபட்டோபிளாஸ்ட் இதைவிடப் பெரியது, 10 முதல் 12 மைக்ரான். அதில் ஏ.எஃப்.பி. அள்ளிக் கொட்டியிருக்கும், ஆல்புமினும் உண்டு, என்கேமுக்குப் பதில் ஐகேம்-1 என்ற இன்னொரு ஒட்டும் புரதம் இருக்கும். அவர்கள் கணக்குப்படி ஸ்டெம் செல் கல்லீரல் பாரன்கைமாவில் (கல்லீரலின் வேலை செய்யும் திசுவில்) 0.5 முதல் 2.5 சதவீதம். கருவில் மீதியில் பெரும்பகுதி ஹெபட்டோபிளாஸ்ட். பெரியவர்களிடம் ஹெபட்டோபிளாஸ்ட் கிட்டத்தட்ட இல்லை, 0.01 சதவீதத்துக்கும் கீழே.

இந்தப் பிரிவினையை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அளவு, என்கேம் அல்லது ஐகேம், ஏ.எஃப்.பி. உண்டா இல்லையா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று கற்றுக்கொடுத்தது அந்த வேலைதான். எனக்கு அது போதும்.

ஏ.எஃப்.பி. வந்தாலே கருச்செல், கருச்செல் என்றாலே ஸ்டெம் செல். சரிதானே?

முதல் பாதி ஓரளவு சரி, இரண்டாம் பாதி தவறு. மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். மிக ஆரம்பப் படியில் உள்ள செல்லில் ஏ.எஃப்.பி. இல்லை. அது ஹெபட்டோபிளாஸ்டின் முத்திரை; கல்லீரல் பாதையில் செல் இறங்கிவிட்டது என்பதற்கான சான்று.

இந்தப் புரதத்தை மனிதக் கருவின் இரத்தத்தில் 1956-ல் ஸ்வீடனில் கண்டார்கள். 1963-ல் சோவியத் ரஷ்யாவின் காரி அபெலெவ், கல்லீரல் புற்று வந்த எலிகளிலும் இது இருப்பதைக் காட்டினார். மறுவருடமே மனிதர்களிலும் அதே கதை என்று தெரிந்தது. கருவில் முதலில் மஞ்சள்கருப்பை இதைச் சுரக்கும், பிறகு கல்லீரல் எடுத்துக்கொள்ளும். 12 முதல் 14 வாரத்தில் கருவின் இரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். பிறந்த குழந்தைக்கும் ஒரு மில்லிலிட்டருக்குப் பல்லாயிரம் நானோகிராம் இருக்கும். பெரியவர்களின் அளவுக்கு இறங்க எட்டு மாதம், ஒரு வருடம் ஆகும். கைக்குழந்தைக்கு ஏ.எஃப்.பி. எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டு வீட்டில் அழுகை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வயதுக்கு ஏற்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

கர்ப்பிணிகளுக்கு 15 முதல் 20 வாரத்தில் இரத்தத்தில் பார்க்கும் ஏ.எஃப்.பி.யும் இதே புரதம்தான். கருவின் கல்லீரல் சுரந்தது தாயின் இரத்தத்துக்குக் கசிந்து வருகிறது. குழந்தையின் தண்டுவடம் மூடாமல் இருந்தால் கசிவு கூடும். அதைத் தேடித்தான் அந்தச் சோதனை.

கெரட்டின் 19 எந்த வாரத்தில் மறைகிறது?

பெல்ஜியத்தின் லூவன் நகரில் வான் ஐகன், டெஸ்மெட் குழு 1988-ல் இதை வாரம் வாரமாகப் பார்த்து எழுதியது. இன்றும் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறோம். 10ஆம் கர்ப்ப வாரத்தில் ஆரம்பக் கல்லீரல் செல்களில் கெரட்டின் 8, 18, 19 மூன்றும் இருக்கின்றன. 14ஆம் வார வாக்கில் ஹெபட்டோசைட்டாகப் போகும் செல்கள் 19-ஐக் கைவிடுகின்றன. 8-ம் 18-ம் ஆயுளுக்கும் தங்கும். பித்தநாளமாகப் போகும் செல்களிலோ 19 இன்னும் அழுத்தமாகிறது. கெரட்டின் 7 தாமதமாக, 20 வாரம் வாக்கில்தான் அந்தப் பக்கம் சேர்கிறது.

ஆகவே ‘கெரட்டின் 19 பாசிட்டிவ்’ என்ற ஒரே வரி 10 வாரத்தில் ‘இன்னும் முடிவெடுக்காத செல்’ என்று பொருள்படும். 25 வாரத்தில் ‘பித்தநாளச் செல்’ என்று பொருள்படும். வாரத்தைச் சொல்லாமல் மார்க்கரை மட்டும் சொல்வதில் பயனில்லை.

வாரம் என்றீர்களே, யார் கணக்கில் வாரம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் மனதாரப் பாராட்டினேன். மகப்பேறு டாக்டர் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார். கருவியல்காரர்கள் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். இரண்டுக்கும் இரண்டு வாரம் வித்தியாசம். ஒரு கட்டுரையின் 10 வாரமும் இன்னொன்றின் 8 வாரமும் ஒரே கருவாக இருக்கலாம்.

கல்லீரல் ஒவ்வொரு வாரமும் முகம் மாறிக்கொண்டிருக்கிற காலத்தில் இரண்டு வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை. கட்டுரையில் முறைகள் பகுதியைத் திறந்து எந்தக் கணக்கு என்று பார்த்து, பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான் மேலே 22ஆம் நாள் என்றது கருத்தரித்த கணக்கு. கெரட்டினுக்குச் சொன்னது கர்ப்ப வாரக் கணக்கு.

டக்டல் பிளேட் என்பது என்ன? பார்க்க எப்படி இருக்கும்?

கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் உருவாகும் அச்சு அது. ஸ்டெம் செல் மார்க்கர்கள் கூடிக் கிடக்கும் இடமும் அதுதான்.

12, 13 கர்ப்ப வாரக் கல்லீரல் ஒன்றைக் கெரட்டின் 19 போட்டு (அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியை வைத்துப் பழுப்புச் சாயம் ஏற்றி) மைக்ராஸ்கோப்பில் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணில் படுவது கடுகைக் கொட்டிவிட்டது போலக் கருநீலப் புள்ளிகள். அவை இரத்தம் செய்யும் செல்களின் நியூக்ளியஸ்கள், கொத்துக் கொத்தாக. அவற்றுக்கு நடுவே வெளிறிப்போய்ப் பெரிதாக நிற்பவை கல்லீரல் செல்கள். அவற்றில் பழுப்பு நிறம் பாதி மங்கியிருக்கும். ஸ்லைடை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் ஒரு போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்) வரும். அதன் விளிம்பில் அழுத்தமான பழுப்பில் ஒரு வளையம். இன்னும் பெரிதாக்கினால் சில இடத்தில் அது ஒற்றை வரி, சில இடத்தில் இரட்டைக்கரை வேட்டியின் கரை போல இரண்டு வரி. இரண்டு வரிக்கும் இடையே கீறின மாதிரி ஒரு வெள்ளை இடைவெளி. அந்தக் கீறல் அங்கங்கே உப்பிக் குழாயாகிறது. குழாயானது சிரையைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவுக்குள் நகர்ந்து பித்தநாளமாகிறது. உப்பாத பகுதி மெதுவாகக் காணாமல் போகிறது. இந்த வேலை கல்லீரலின் வாயிலில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போகிறது, பிறந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

வளையம் சிரையைச் சுற்றி மட்டும் வருவதற்குக் காரணம், சிரையைச் சூழ்ந்த திசு தரும் சமிக்ஞைகள். அதில் ஜாக்டு-1, நாட்ச்-2 என்ற புரத ஜோடி முக்கியம். இவற்றின் ஜீன்களில் பிழை இருந்தால் அலஜில் நோய்க்குறி. பித்தநாளங்கள் எண்ணிக்கையில் குறைந்துபோகும். வளையம் சரியாகக் குழாயாக மாறாமல் அப்படியே தங்கிவிட்டால் பிறவிக் கல்லீரல் நார்த்திசு நோய், கரோலி நோய் போன்றவை வரும். குழந்தைக் கல்லீரல் பயாப்ஸி பார்க்கும்போது கெரட்டின் 7-ம் 19-ம் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்கேம் ஹெபட்டோபிளாஸ்டில் இருக்கிறதா இல்லையா? ஒவ்வொரு கட்டுரையும் ஒன்று சொல்கிறதே!

வாரமும் முறையும் மாறுவதால்தான் பதிலும் மாறுகிறது. ஆரம்ப வாரங்களில் பெரும்பாலான கல்லீரல் செல்களில் எப்கேம் தெரியும். பிறகு பாரன்கைமாவில் மங்கி, டக்டல் பிளேட்டில் வலுவாக நிற்கும். முழுமையான ஹெபட்டோசைட்டில் இருக்காது. நடுவில் மங்கிக்கொண்டிருக்கிற காலத்தில் ஸ்லைடைப் பார்ப்பவர் ‘இல்லை’ என்பார், அதே செல்லை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் வழியே விட்டு அளக்கும் முறையில்) ஓட்டுபவர் ‘கொஞ்சம் இருக்கிறது’ என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

எப்கேம் 1979-ல் முதலில் பிடிபட்டது குடல் புற்றுநோய்ச் செல்களில். பல உறுப்புகளின் எபிதீலியத்திலும் (உறுப்பையும் குழாயையும் மூடும் செல்படலத்திலும்) இது வரும். கல்லீரலுக்கே உரியது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சி.டி.34, சி.டி.117 போட்டேன், நிறைய பாசிட்டிவ். இவை கல்லீரல் ஸ்டெம் செல்களா?

பெரும்பாலும் இல்லை. சி.டி. எண் என்பது செல்லின் மேற்பரப்புப் புரதத்துக்கு வைத்த வரிசைப் பெயர். கருவின் கல்லீரல் ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம். கருத்தரித்து ஐந்து, ஆறு வாரத்தில் இரத்த ஸ்டெம் செல்கள் வெளியிலிருந்து வந்து இங்கே குடியேறுகின்றன. எலும்பு மஜ்ஜை பொறுப்பேற்கும் கடைசி மூன்று மாதம் வரை, கருவின் இரத்தத்துக்கு முக்கியத் தொழிற்சாலை கல்லீரல்தான். சி.டி.34 அந்த இரத்த ஸ்டெம் செல்களின் பழைய, நம்பகமான அடையாளம், சி.டி.38 இல்லாமல், சி.டி.90 உடன் வந்தால் இன்னும் நிச்சயம். ஆனால் சி.டி.34 இரத்தக்குழாயின் உள்தோலிலும் வரும். சி.டி.117-ம் இரத்தச் செல்களிலும் மாஸ்ட் செல்களிலும் தாராளமாக உண்டு.

2000-ஐ ஒட்டிய வருடங்களில் சி.டி.34, சி.டி.117, சி.டி.90 மூன்றையும் கல்லீரல் முன்னோடிச் செல்லின் மார்க்கர் என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். சில செல்கள் உண்மையிலேயே அப்படி இருந்திருக்கலாம். பல, குடித்தனம் மாற்றி எண்ணியவை. இன்று ஒழுங்காகச் செய்பவர்கள் முதலில் வெள்ளணு வரிசையைக் காட்டும் சி.டி.45 உள்ளவற்றையும், சிவப்பணு வரிசையைக் காட்டும் சி.டி.235ஏ உள்ளவற்றையும் கழித்துவிட்டு, மீதியில்தான் எப்கேம் பார்ப்பார்கள். 2019-ல் பிரிட்டனின் நியூகாசிலைச் சேர்ந்த முஸ்லிஃபா ஹனீஃபா குழு 7 முதல் 17 வாரக் கல்லீரல்களின் இரத்தக் குடித்தனத்தைச் செல் செல்லாகப் பிரித்து வெளியிட்ட வரைபடம், யார் எந்தக் குடித்தனம் என்பதைத் தெளிவாக்கியது.

சி.டி.133?

உண்டு, ஆனால் தனியாக நம்பமுடியாது. புகழ்பெற்ற ஏ.சி.133 ஆன்டிபாடி அந்தப் புரதத்தின் சர்க்கரை ஒட்டிய வடிவத்தைத்தான் பிடிக்கும். சர்க்கரை மாறினால், புரதம் அங்கேயே இருந்தும் ஸ்லைடு வெறுமையாக இருக்கும். அதுபோக, பித்தநாளச் செல்லின் நுனியிலும் இது சாதாரணமாகவே இருக்கிறது.

எலியில் டி.எல்.கே.1 தான் ராஜா என்கிறார்கள். மனிதருக்கும் அதையே போடலாமா?

போடலாம், மனிதக் கருவின் ஹெபட்டோபிளாஸ்டிலும் டி.எல்.கே.1 (இதுவும் ஒரு மேற்பரப்புப் புரதம்) நன்றாக வரும். ஜப்பானில் மியாஜிமா குழு 2003-ல் எலிக் கருவிலிருந்து ஹெபட்டோபிளாஸ்டை இதை வைத்தே சுத்தமாகப் பிரித்தெடுத்தது. ஆனால் எலியின் கர்ப்பம் 20 நாள் சொச்சம். அங்கே ஒரு நாளில் நடப்பது நமக்கு ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கும். எலியின் நாள் அட்டவணையை மனிதருக்குக் கணக்குப் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் தப்பு, எப்கேமும் டி.எல்.கே.1-ம் ஒன்றையொன்று தாண்டும் இடமே இரண்டு இனத்திலும் ஒத்துப்போவதில்லை.

ஸ்லைடு முழுக்கப் பழுப்பாக வருகிறது. எல்லாமே ஸ்டெம் செல்லா?

இல்லை. எனக்கும் நடந்தது. சேர்ந்த புதிதில், கருவின் கல்லீரலில் ஒரு மார்க்கர் போட்டுப் பார்த்தால் விளிம்பிலிருந்து விளிம்பு வரை அருமையான பழுப்பு. அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு முதல் ஆன்டிபாடி ஊற்றாத கன்ட்ரோல் ஸ்லைடை எடுத்து வைத்தேன். அதுவும் அதே அருமையான பழுப்பு.

காரணம் இரண்டு. கல்லீரலில் இயல்பாகவே பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மிகுதி. அவிடின்-பயோட்டின் முறையில் சாயம் ஏற்றினால் அவிடின் நேராகப் போய் அந்தப் பயோட்டினில் ஒட்டிக்கொள்ளும். ஆன்டிஜெனை (ஆன்டிபாடி ஒட்டவேண்டிய புரதத்தை) மீட்க ஸ்லைடை பிரஷர் குக்கரில் வேகவைக்கிறோமே, அதில் மறைந்திருந்த பயோட்டினும் வெளியே வந்துவிடும். இரண்டாவது, கருவின் கல்லீரலில் சிவப்பணு வரிசை நிரம்பி வழிகிறது. ஹீமோகுளோபின் பெராக்சிடேஸ் (சாயத்தைப் பழுப்பாக்க நாம் சேர்க்கும் என்சைம்) போல நடந்துகொண்டு சாயத்தைத் தானே பழுப்பாக்கும். பயோட்டின் இல்லாத பாலிமர் கிட்டுக்கு மாறுங்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாக்கை அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள், கன்ட்ரோல் ஸ்லைடை முதலில் பாருங்கள். நான் இன்றும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. வரிசை பார்க்கும் காலத்தில் மார்க்கர் எதற்கு?

ஒரு செல்லில் ஆயிரக்கணக்கான ஜீன்களை ஒரே சமயத்தில் படிக்கும்போது ‘ஒரு மார்க்கர், ஒரு செல்’ என்ற பழைய கனவு கலைந்துவிட்டது உண்மை. 2019-ல் லண்டன் கிங்ஸ் காலேஜைச் சேர்ந்தவர்கள் மனிதக் கருவின் கல்லீரலில் ஹெபட்டோசைட் ஜீன்களும் பித்தநாள ஜீன்களும் ஒரே செல்லில் ஓடும் கலப்பு முன்னோடிகளைக் காட்டினார்கள். அவை டக்டல் பிளேட்டில் இருந்தன. அதே வருடம் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் குழு பெரியவர்களின் கல்லீரலில், எப்கேம் இருந்து, ட்ரோப்-2 என்ற மேற்பரப்புப் புரதம் நடுத்தர அளவில் உள்ள செல்களை முன்னோடிகளாகக் காட்டியது. ட்ரோப்-2 மிக அதிகமென்றால் பித்தநாளம், மிகக் குறைவென்றால் ஹெபட்டோசைட் சாய்வு, நடுவே முன்னோடி. 2022-ல் கேம்பிரிட்ஜில் லுடோவிக் வாலியே குழு, கருவின் ஹெபட்டோபிளாஸ்டுகளையே ஆர்கனாய்டுகளாக (குட்டி உறுப்பு போன்ற செல் உருண்டைகளாக) ஆய்வகத்தில் வளர்த்தது.

ஆனாலும் செல்லை உயிரோடு பிரித்தெடுக்க மேற்பரப்புப் புரதம் வேண்டும், ஆர்.என்.ஏ. படிக்கப்போனால் செல் செத்துவிடும். செல் திசுவில் எங்கே இருந்தது என்பதற்கும் ஸ்லைடு வேண்டும்.

பெரியவர்களின் கல்லீரலில் இந்தச் செல்கள் மிச்சம் இருக்கின்றனவா?

ஹெபட்டோசைட் வரிசை முடிந்து பித்தநாளம் தொடங்கும் இடத்தில் ஹெரிங் கால்வாய்கள் என்ற மிகச் சிறிய வாய்க்கால்கள் உண்டு. டக்டல் பிளேட்டின் வாரிசு அவைதான் என்று 2008-ல் ரீட் குழு எழுதியது. சிரோசிஸ் பயாப்ஸியில் கெரட்டின் 7 போட்டால் அந்த இடத்திலிருந்து நூல் நூலாகச் செல்கள் கிளம்புவதைக் காணலாம்.

அவை ஸ்டெம் செல்களா, நெருக்கடியில் வேஷம் மாற்றிய சாதாரண பித்தநாளச் செல்களா என்பதில்தான் சண்டை. எலியில் செல்களுக்கு நிரந்தர நிறம் ஏற்றிப் பின்தொடர்ந்தால், சாதாரணக் காயத்தில் ஹெபட்டோசைட்டுகளே பெருகிக் கல்லீரலை மீட்கின்றன. ஸ்டெம் செல் தேவைப்படுவதில்லை. ஹெபட்டோசைட்டுகளைப் பெருகவிடாமல் தடுத்தால் மட்டும் பித்தநாளச் செல்கள் உதவிக்கு வருகின்றன. என்னைக் கேட்டால், பெரியவர்களிடம் ‘ஸ்டெம் செல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளிவைத்து ‘முன்னோடி’ என்று சொல்வது நல்லது.

இதே மார்க்கர்கள் புற்றுநோய் ரிப்போர்ட்டிலும் வருகின்றனவே?

ஆமாம். சின்னக் குழந்தைகளுக்கு வரும் ஹெபட்டோபிளாஸ்டோமாவில் பெரும்பாலோருக்கு ஏ.எஃப்.பி. எகிறும்; கட்டியின் செல்கள் கருவின் கல்லீரலை அப்படியே நினைவூட்டும். பெரியவர்களின் கல்லீரல் புற்றில் கெரட்டின் 19 பாசிட்டிவ் என்றால் நோய் முரட்டுத்தனமாகப் போகும் வாய்ப்பு கூடுதல். எப்கேமும் ஏ.எஃப்.பி.யும் சேர்ந்து வரும் வகையும் அப்படித்தான். உங்கள் ரிப்போர்ட்டில் இந்தச் சொற்கள் இருந்தால் ‘ஸ்டெம் செல் வந்திருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டிச் செல் பழைய ஜீன்களைத் திரும்பத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு சிரோசிஸ். ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்கள். போகலாமா?

பணம் கேட்டுப் போடுகிறார்கள் என்றால் போகவேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க அனுமதி இருப்பது இரத்த நோய்கள் சார்ந்த ஒரு பட்டியலுக்குத்தான். சிரோசிஸ் அதில் இல்லை. மற்றவை எல்லாம் முறையாக அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம்.

ஆய்வு நடக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். நம் பக்கத்து ஹைதராபாத்தில் ஹபீபுல்லா குழு 1994-லேயே, திடீர்க் கல்லீரல் செயலிழப்பு நோயாளிகளுக்குக் கருவின் ஹெபட்டோசைட்டுகளை வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தது. 2010-ல் 25 சிரோசிஸ் நோயாளிகளுக்கு, கருவின் கல்லீரலிலிருந்து எப்கேமை வைத்துப் பிரித்தெடுத்த செல்களைக் கல்லீரல் தமனி வழியே செலுத்தி, ஆறு மாதத்தில் மெல்ட் மதிப்பெண் (கல்லீரல் நோயின் தீவிரத்தைக் காட்டும் எண்; குறைந்தால் நல்லது) குறைந்ததாக வெளியிட்டது. இந்தப் பக்கத்தில் பேசும் ஒரு மார்க்கர் நோயாளியின் படுக்கை வரை போன நிகழ்வு அது. சிறிய எண்ணிக்கை, குறுகிய காலம். அதை வைத்து இன்று யாரும் சிகிச்சை விற்கமுடியாது. அப்பாவைக் கல்லீரல் மருத்துவரிடம் காட்டி, மாற்றுக் கல்லீரல் பட்டியலில் பெயர் பதியவேண்டிய நிலையா என்று கேளுங்கள். மது என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் ஐ.பி.எஸ். செல்லிலிருந்து செய்யும் கல்லீரல் செல்கள் நிஜமானவையா?

பாதி நிஜம். ஐ.பி.எஸ். என்பது முதிர்ந்த செல்லை ஆய்வகத்தில் பின்னோக்கித் திருப்பிச் செய்த ஸ்டெம் செல். அதிலிருந்து வரும் கல்லீரல் செல்லில் ஆல்புமின் சுரக்கும், ஹெச்.என்.எஃப்.4 ஆல்ஃபா (கல்லீரல் ஜீன்களை இயக்கும் புரதம்) இருக்கும். கூடவே ஏ.எஃப்.பி.யும் நிற்காமல் வரும். மருந்தை உடைக்கும் என்சைமில் கருவின் சி.ஒய்.பி.3ஏ7 இருக்கும், பெரியவர்களின் 3ஏ4 சொற்பமாக இருக்கும். நிஜ வாழ்க்கையில் இந்த மாற்றம் பிறந்த பிறகுதான் நடக்கிறது. ஆக டிஷ்ஷில் இருப்பது கருவின் கல்லீரல். மருந்து சோதிப்பவர்களுக்கு அது தலைவலி, வளர்ச்சியைப் படிப்பவர்களுக்கு வரம்.

ப்ராஜெக்ட்டுக்கு நாலே நாலு ஆன்டிபாடிக்குத்தான் காசு இருக்கிறது. எதை வாங்குவது?

ஸ்லைடு வேலை என்றால் கெரட்டின் 19, எப்கேம், ஏ.எஃப்.பி., சி.டி.45. முதல் இரண்டும் டக்டல் பிளேட்டைக் காட்டும், மூன்றாவது ஹெபட்டோபிளாஸ்டைக் காட்டும், நான்காவது இரத்தக் குடித்தனத்தைக் கழிக்க. ஐந்தாவதுக்குக் காசு தேறினால் என்கேம். ஆனால் அது நரம்பிலும் வரும், போர்ட்டல் பகுதியில் நரம்பு இழைகளைப் பார்த்துக் குதிக்காதீர்கள். ஏ.எஃப்.பி. சுரக்கப்படும் புரதம் என்பதால் பின்னணியில் லேசாகப் படர்ந்திருக்கும். செல்லுக்குள் துகள் துகளாக இருப்பதை மட்டும் எண்ணுங்கள்.

எத்தனை வாரம், எந்தக் கணக்கு என்பதை ஸ்லைடின் லேபிளிலேயே எழுதுங்கள். பென்சிலில். பேனா மை சைலீனில் கரைந்துவிடும்.